விரைவுக் கப்பலும் எண்ணெய்ச் செலவும்



எங்கள் காயல்பட்டினத்துக் கடற்கரை அகன்று விரிந்தது. மாலையானால் ஊரில் பாதி அங்கேதான் இருக்கும். கடலில் பல ஆண்டுகள் கப்பல் இயந்திரங்களோடு காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கும் அந்த மணல்தான் மாலை நேரத்துத் திண்ணை. அங்கே ஒரு நாள் கல்லூரி மாணவன் ஒருவன் என் அருகில் வந்து அமர்ந்தான். அவனுடைய பாட்டியாரின் உடன்பிறந்த தங்கை கொழும்பில் வாழ்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டு பல ஆண்டுகள் ஆயின. பாட்டியாருக்கு விமானம் என்றால் அச்சம். "மாமா, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்களே, அது ஏன் நின்றுபோயிற்று?" என்று அவன் கேட்டான்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்லப் புகுந்தால் நீரின் இயல்பையும், அலையின் இயல்பையும், மனிதருடைய அவசரத்தின் இயல்பையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் பழைய வரலாற்றைச் சற்றே நினைவு கொள்வோம். எங்கள் ஊரார் வணிகத்தின் பொருட்டு இலங்கைக்குப் போவது தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. அதனைச் 'சபர்' போதல் என்பர். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் வடக்கே உள்ள தூத்துக்குடிதான் அதற்குரிய துறை. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும், 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டதும் நீங்கள் பாடநூல்களில் படித்தவையே. எதிர்த்தரப்பு ஆங்கிலக் கம்பெனி அவரை வீழ்த்த எடுத்த முதல் ஆயுதம் எது? கட்டணக் குறைப்பு! ஓர் ஆளைக் கரை சேர்க்க ஆகும் செலவை எவன் தாங்குவானோ அவனே கடலில் நிலைப்பான் என்பதை இரு தரப்பும் நன்கு அறிந்திருந்தன.

வடக்கே இன்னொரு வழியும் இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து நீராவிக் கப்பல் பயணிகளைத் தலைமன்னாருக்குக் கொண்டு சேர்த்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் இலங்கையில் போர் மூண்ட 1980-களில் நின்றது. நெடுநாளுக்குப் பிறகு 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்னும் பெருங்கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றவல்ல கப்பல் அது. தூரம் ஏறத்தாழ 150 கடல் மைல். அதே ஆண்டு நவம்பரில் அது நின்றுபோயிற்று. கப்பலை நடத்தும் செலவு பெரிது. ஏறிய பயணிகளோ குறைவு. அந்த மாணவன் கேட்ட கேள்விக்குச் சுருக்கமான விடை இதுதான்.

இதற்கு அடுத்த முயற்சி நாகப்பட்டினத்தில் நடந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்னும் விரைவுக் கப்பல் சென்றது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 150 பேர் அமரலாம். அன்று அதில் சென்றவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். சில நாட்களில் அச்சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16 அன்று 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. கட்டணம் மக்களுக்கு எட்டுமாறு இருக்க வேண்டும் என்பதற்காக, நாகைத் துறைமுகச் செலவுக்கு இந்திய அரசு நிதியுதவி அளிக்க நேர்ந்தது. ஆகவே, இத்தகைய கப்பல் நிலைத்து ஓடுமா, நின்றுவிடுமா என்பதை முடிவு செய்பவற்றுள் எண்ணெய்ச் செலவு மிக முக்கியமானது என்று உணர்கிறோம். அந்தச் செலவை எவ்வாறு குறைப்பது? இதுவே நம் பொருள்.

கப்பலின் தொட்டியில் ஊற்றிய டீசல் எண்ணெயில் நூறு பங்கு ஆற்றல் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ அறுபது பங்கு இயந்திரத்திலேயே வெப்பமாகப் போய்விடும். எஞ்சிய நாற்பது பங்கு சுழலும் தண்டுக்கு வரும். தண்டின் முனையில் உள்ள புரொப்பெல்லர் என்னும் உந்துவிசிறி நீரைப் பின்னே தள்ளும்போது மேலும் ஒரு பகுதி சுழலிலும் நுரையிலும் கழியும். முடிவில் கப்பலை முன்னே தள்ளுவதற்கு மிஞ்சுவது இருபத்தைந்து பங்கு அளவுதான். இயந்திரத்தைச் செம்மைப்படுத்தி இதில் ஓரிரு பங்கு கூட்டலாம். அதற்காக உலகெங்கும் பொறியாளர்கள் உழைக்கிறார்கள். ஆனால் பெரிய மிச்சம் அங்கே இல்லை. அந்த இருபத்தைந்து பங்கை நீர் எவ்வாறு தின்கிறது என்று பார்த்தால்தான் பெரிய மிச்சத்துக்கு வழி தெரியும்.

கப்பலை நீர் இருவகையாக எதிர்க்கிறது. ஒன்று உராய்வு. கப்பலின் உடலை ஒட்டிய நீர் அதனோடு இழுபட்டுச் செல்கிறது. அந்த இழுப்புக்கு ஆற்றல் வேண்டும். மற்றொன்று அலை. கப்பல் நீரை விலக்கிக்கொண்டு போகும்போது அலைகள் எழுகின்றன. கரையில் நின்று அவற்றைக் கண்டு மகிழ்கிறோம். அந்த அலை ஒவ்வொன்றும் எண்ணெய்க் காசு கொடுத்து எழுப்பிய அலை!

இவ்விரண்டையும் பிரித்தறிந்து கணக்கிடக் கற்றுத் தந்தவர் வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்து இழுத்து அவர் அளந்தார். இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையிலும், விசாகப்பட்டினத்திலும் அத்தகைய தொட்டிகள் உள்ளன. புரூட் கண்ட உண்மைகளில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக் கொள்வோம்.

கப்பல் எழுப்பும் அலை கப்பலின் வேகத்திலேயே உடன் ஓடும். ஆழமான நீரில் அலையின் நீளத்தை அதன் வேகமே முடிவு செய்கிறது. மாலுமிகள் வேகத்தை 'நாட்' என்னும் அளவால் சொல்வர். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 10 நாட் வேகத்தில் செல்லும் அலையின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். 20 நாட் ஆனால் 68 மீட்டர். 30 நாட் ஆனால் 153 மீட்டர். வேகம் இரட்டித்தால் அலையின் நீளம் நான்கு மடங்காகிறது.

இப்போது 35 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை நினைத்துக் கொள்ளுங்கள். மெல்லச் செல்லும்போது அதன் பக்கவாட்டில் பல சிற்றலைகள் இருக்கும். 14 நாட்டுக்குச் சற்று மேலே வேகம் வந்தவுடன் அலையின் நீளமும் கப்பலின் நீளமும் ஒன்றாகிவிடும். முன்புறம் ஓர் அலைமுகடு, பின்புறம் ஓர் அலைமுகடு. கப்பல் இரண்டுக்கும் இடையே தொட்டிலில் கிடப்பது போலக் கிடக்கும். இன்னும் வேகம் கூட்டினால் பின்புறத்து முகடு பின்னுக்கு நழுவும். கப்பலின் பின்பகுதி பள்ளத்தில் இறங்கும். முகப்பு மேல் நோக்கும். அதாவது, தானே எழுப்பிய அலைமேட்டின் மீது கப்பல் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு ஏறினாலும் உச்சி வருவதில்லை. ஏனெனில் மேடும் உடன் ஓடுகிறது. இயந்திரம் முனகும், எண்ணெய் கரையும், வேகமோ கூடாது. மிகுந்த ஆற்றல் கொடுத்து இந்த மேட்டைக் கடந்துவிட்டால் எதிர்ப்பின் ஏற்றம் சற்றுத் தணியும். விரைவுக் கப்பல்கள் ஓடுவது மேட்டுக்கு அப்பால் உள்ள அந்தப் பகுதியில்தான். இதிலிருந்து பெறும் முதற்பாடம்: ஒவ்வொரு கப்பலுக்கும் அதன் நீளத்தை ஒட்டி ஒரு கேடான வேகம் உண்டு. ஒன்று அதற்குக் கீழே ஓட வேண்டும், அல்லது அதனைத் தாண்டி ஓட வேண்டும். இடையில் நிற்பது வீண்.

மேடு எங்கே இருந்தாலும் இருக்கட்டும். பொதுவாகக் கப்பல்காரர் கைக்கொள்ளும் ஒரு கைக்கணக்கு உண்டு. வேகம் கூடுவதைப் போல் மும்மடி வீதத்தில் ஆற்றல் வேண்டும் என்பதே அது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எட்டு மடங்கு. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். நாகையிலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 60 கடல் மைல். 20 நாட் வேகத்தில் மூன்று மணி நேரம். 15 நாட் வேகத்தில் நான்கு மணி நேரம். 20 நாட் வேகத்துக்கு 2,000 கிலோவாட் ஆற்றல் தேவைப்படும் கப்பல் ஒன்றைக் கணக்குக்காக வைத்துக் கொள்வோம். ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 200 கிராம் டீசல் வேண்டும். அப்படியானால் மணிக்கு 400 கிலோ. மூன்று மணி நேரத்துக்கு 1,200 கிலோ. வேகத்தை 15 நாட்டாகக் குறைத்தால் ஆற்றல் 840 கிலோவாட் அளவுக்கு இறங்கும். கப்பல் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடினாலும் மொத்தச் செலவு 675 கிலோதான். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நாம் கொடுக்கும் விலை 525 கிலோ எண்ணெய்!

இதனைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தும் பார்க்க வேண்டும். 150 பேர் ஏறினால் 20 நாட் வேகத்தில் தலைக்கு 8 கிலோ எண்ணெய். ஐம்பது பேர் மட்டும் ஏறினால் 24 கிலோ. காலி இருக்கைக்கும் கப்பல் எண்ணெய் எரிக்கிறது. ஆகவே, பயணிகள் தொகையை அறிந்து அதற்கேற்ற அளவில் கப்பலைத் தேர்ந்தெடுப்பதும் எண்ணெய்ச் சிக்கனமே. ஆயிரம் பேர் கொள்ளும் கப்பலில் சில நூறு பேர் சென்றால் எந்த இயந்திரமும் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட இயலாது.

இனி, கப்பலின் வடிவத்தைப் பார்ப்போம். ஒடுங்கி நீண்ட உடல் நீரை மெல்ல விலக்கும்; எழும் அலையும் சிறிது; முன்பு சொன்ன மேடும் தணியும். ஆனால் ஒடுங்கிய படகு எளிதில் கவிழும் அல்லவா? அதற்கு மனிதன் கண்ட உபாயம், இரண்டு ஒடுங்கிய உடல்களை இடைவெளி விட்டு நிறுத்தி மேலே ஒரு தளத்தால் இணைப்பது. இன்று உலகில் ஓடும் விரைவுப் பயணிக் கப்பல்களில் மிகப் பல இவ்வகையினவே. இவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'கட்டமரான்'. அது நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லேதான்! வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி, 1697-ஆம் ஆண்டில் வெளியான தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட இந்தச் சொல்லைக் குறித்தார். உண்மையில் இரட்டை உடற்படகைக் கட்டி ஆண்டவர்கள் பசிபிக் தீவுகளின் மக்கள். நம் கட்டுமரமோ மரங்களை நெருக்கிச் சேர்த்துக் கட்டியது. வடிவம் அவர்களுடையது, பெயர் நம்முடையது.

பெயர் மட்டுந்தானா? இல்லை, நம் மீனவரிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்றும் இருக்கிறது. கட்டுமரத்தில் கடலுக்குச் சென்றவர் கரை திரும்பியதும் என்ன செய்வார்? கட்டை அவிழ்த்து மரங்களைப் பிரித்து மணலில் உலர்த்துவார். நீர் ஊறிய மரம் கனக்கும்; கனத்த மரம் நீரில் தாழும்; தாழ்ந்த மரத்தைத் தள்ளக் கூடுதலான தோள்வலி வேண்டும். இன்றைய விரைவுக் கப்பலைக் கட்டுபவரும் இதே கவலையோடுதான் வேலை செய்கிறார். இரும்பு எஃகுக்குப் பதிலாக அலுமினியத்தைக் கையாளுகிறார். அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இருக்கை, கதவு, தரைவிரிப்பு ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தே வாங்குகிறார். ஒரு நாள் பயணத்துக்கு மூன்று நாள் எண்ணெயைச் சுமந்து செல்வதும் தண்டச் சுமையே. எடையைக் குறைப்பதோடு, அது கப்பலில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூட்டைகளையெல்லாம் பின்புறம் அடுக்கினால் முகப்பு தூக்கிக்கொள்ளும். அலைமேடு மேலும் செங்குத்தாகும்.

நம் கடலுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆழ்கடல் உண்டு. ஆனால் வடக்கே பாக்கு விரிகுடா ஆழம் குறைந்தது. பல இடங்களில் பத்து மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆழமில்லாத நீரில் அலை தன் விருப்பம் போல் விரைய முடியாது. பத்து மீட்டர் ஆழத்தில் அலையின் உச்ச வேகம் 19 நாட்டுக்குச் சற்று மேல்தான். அந்த வேகத்தை ஒட்டிக் கப்பல் ஓடினால், எழுப்பிய அலைகள் விலகிப் போக வழியின்றிக் கப்பலைச் சுற்றியே குவியும். பின்புறம் தாழும், எதிர்ப்பு ஏறும், எண்ணெய் மளமளவென்று செலவாகும். ஆழ்கடலில் நன்றாக ஓடிய கப்பல் ஆழமில்லாத இடத்தில் ஏன் தயங்குகிறது என்று புதிய மாலுமி திகைப்பான். கடலின் ஆழப் படத்தைப் பார்த்து வேகத்தை வகுப்பவன், இயந்திரத்தில் கை வைக்காமலே எண்ணெயை மிச்சப்படுத்துகிறான்.

அடுத்தது உராய்வு. இதைப் பற்றி நான் ஏட்டில் கற்றதைவிட என் தவற்றிலிருந்து கற்றதே அதிகம். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

நான் இளைஞனாக இருந்தபோது ஒரு பயணிகள் கப்பலில் இயந்திர அறைப் பொறுப்பில் இருந்தேன். எந்தக் கப்பல், எந்தத் துறை என்பவை இங்கே வேண்டாம். ஏதோ வழக்கு விவகாரத்தால் அது சில மாதங்கள் துறையிலேயே கட்டிக் கிடந்தது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது பழைய வேகம் வரவில்லை. எண்ணெய்க் கணக்கோ நாளுக்கு நாள் ஏறியது. மேலிடத்தில் கேட்டார்கள். இயந்திரத்தில்தான் கோளாறு என்று நானும் நம்பினேன். என் கையால் எழுதியும் கொடுத்தேன். எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றினோம், மாற்றினோம், மீண்டும் கழற்றினோம். மூன்று வாரம் வீணாயிற்று. ஒரு நாள், துறையில் வேலை செய்த வயது முதிர்ந்த முக்குளிப்பவர் ஒருவர், "தம்பி, நீங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, கீழே ஒரு முறை பார்க்கலாகாதா?" என்றார். அவர் மூழ்கி எழுந்தபோது அவர் கையில் ஒரு பிடி கொட்டலசு இருந்தது. கூரிய ஓடுடைய அந்தச் சிற்றுயிர்கள் கப்பலின் அடி முழுவதும், உந்துவிசிறியின் இலைகள் உட்பட, அப்பிக் கிடந்தன. வெதுவெதுப்பான நம் கடலில் நின்ற கப்பலில் அவை விரைந்து குடியேறிவிடும். சுரண்டித் தூய்மை செய்தபின் அதே இயந்திரம் பழைய வேகத்தைக் கொடுத்தது. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றும் மறக்கவில்லை. கப்பலின் அடியைத் தூய்மையாக வைப்பதும், கொட்டலசு ஒட்டாத வண்ணம் பூசுவதும், வேகத்தையும் எண்ணெயையும் நாள்தோறும் எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதும் பெருஞ்செலவில்லாத சிக்கனங்கள்.

இவை யாவற்றினும் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது. அது கடலில் இல்லை, கரையில் இருக்கிறது.

நாகையில் ஏறும் பயணிக்கு வேண்டியது என்ன? காங்கேசன்துறைக்கு மாலைக்குள் போய்ச் சேர்வது. கப்பல் எத்தனை நாட் வேகத்தில் ஓடியது என்பது அவருக்குப் பொருட்டன்று. வீட்டிலிருந்து புறப்பட்டு உறவினர் வீட்டை அடையும் வரை ஆகும் நேரமே அவர் கணக்கு. அதில் கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கச் சோதனை, மூட்டை ஏற்றுதல், ஏணிப்படியில் வரிசை ஆகியவை எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன! கரையில் அரை மணி நேரம் தாமதமாகும். தாமதத்தை ஈடு செய்யத் தலைவர் கடலில் முழு வேகத்தை அழைப்பார். நானே பலமுறை அந்த அழைப்பை ஏற்று நெம்புகோலைத் தள்ளியிருக்கிறேன். கரையில் சிந்திய நேரத்தைக் கடலில் எண்ணெய் ஊற்றி அள்ளுவதற்கு இது ஒப்பாகும்.

இதையே திருப்பிச் செய்தால் என்ன? கரை வேலைகளை ஒழுங்கு செய்து அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துங்கள். அந்த அரை மணியைக் கப்பலுக்குக் கொடுங்கள். 60 கடல் மைலை மூன்று மணிக்குப் பதிலாக மூன்றரை மணி நேரத்தில் கடக்கலாம். வேகம் 20 நாட்டிலிருந்து 17 நாட்டுக்குச் சற்று மேலாக இறங்கும். பயணி சேரும் நேரம் மாறவில்லை. எண்ணெயோ, நம் கைக்கணக்கின்படி, கால் பங்குக்கு மேல் மிச்சம்! புதிய இயந்திரம் வேண்டாம், புதிய கப்பல் வேண்டாம். வரிசை விரைவாக நகர்ந்தால் போதும்.

வேகத்தின் மீது வைத்த ஆசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு மேனாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் ஹோலிஹெட் துறைக்கும் அயர்லாந்தின் டன் லேரி துறைக்கும் இடையே 'ஸ்டெனா எக்ஸ்புளோரர்' என்னும் இரட்டை உடற்கப்பல் ஓடத் தொடங்கியது. 1,500 பயணிகள்; விமானத்தில் உள்ளது போன்ற வாயுச் சுழலி இயந்திரங்கள்; 40 நாட் வேகம். ஏறத்தாழ நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் உள்ள தூரத்தை அது 99 நிமிடத்தில் கடந்தது. உலகம் வியந்தது. எண்ணெய் விலை ஏறியபோது வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள்; பயண நேரம் நீண்டது. 2014-ஆம் ஆண்டில் அது சேவையிலிருந்தே விலக்கப்பட்டது. அதே கடலில் மெல்லச் செல்லும் சாதாரணக் கப்பல்கள் தொடர்ந்து ஓடின. விரைவு கூடாது என்பது இதன் பொருளன்று. எவ்வளவு விரைவுக்கு எவ்வளவு விலை என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே பொருள்.

'எண்ணெயே வேண்டாமே, மின்சாரத்தில் ஓட்டலாமே' என்று உங்களில் சிலர் எண்ணலாம். நல்ல எண்ணந்தான். நமக்கு அருகில் கேரளத்தில் வைக்கத்துக் காயலில் 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்னும் படகு சூரிய ஒளியிலிருந்து பெற்ற மின்சாரத்தால் 75 பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. கொச்சியில் 2023 ஏப்ரலில் மின்கலப் படகுகள் நீர் மெட்ரோவாக ஓட ஆரம்பித்தன. ஆனால் இவை குறுகிய தூரத்தை மெல்லிய வேகத்தில் கடப்பவை. நீண்ட தூரத்துக்கும் பெரு வேகத்துக்கும் மின்கலத்தின் எடையே தடை. 2025 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 'சைனா சொர்ரில்யா' என்னும் பெரிய மின்சாரப் பயணிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அதில் 40,000 கிலோவாட்-மணி அளவு மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்கள் உள்ளன. அவற்றின் எடை 250 டன்னுக்கு மேல். இந்த விகிதத்தில் நம் கணக்குக் கப்பலுக்கு மூன்று மணி நேர ஓட்டத்துக்கு 37 டன்னுக்கு மேல் மின்கலம் வேண்டும். 1,200 கிலோ டீசல் செய்யும் வேலையை அது செய்யும். வேகத்தைக் குறைத்தால் அந்த எடையும் குறையும் என்பதைக் கவனியுங்கள். எந்த இயந்திரம் வந்தாலும் நீர் தன் விதியை மாற்றிக் கொள்வதில்லை.

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 2024-ஆம் ஆண்டில் இன்னொரு வகைப் படகு பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதன் அடியில் நீருக்குள் சிறகுகள் உண்டு. வேகம் வந்ததும் அச்சிறகுகள் படகின் உடலை நீருக்கு மேலே தூக்கிவிடும். நீரோடு உராய்வது சிறகு மட்டுமே. முப்பது பேர் செல்லும் சிறு படகு அது. வாடைக்காற்றுக் காலத்து நம் கடலின் கொந்தளிப்பில் இத்தகைய சிறகு எவ்வாறு நிற்கும் என்பது, உங்களில் எவரேனும் ஆராய்ந்து விடை காண வேண்டிய வினா.

இதுவரை சொன்னவற்றை நீங்கள் நம்பி ஏற்க வேண்டுமென்பதில்லை, சோதித்தே பார்க்கலாம். நீண்ட தொட்டி ஒன்றில் அசையாத நீர் இருக்கட்டும். சிறு மரப் படகு ஒன்றில் நூலைக் கட்டி, நூலைத் தொட்டியின் விளிம்பில் ஒரு கப்பியின் மேலாகச் செலுத்தி, மறுமுனையில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். கல் இறங்க, படகு நகரும். குறித்த தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பிறகு அதே தூரத்தைப் பாதி நேரத்தில் கடக்க எவ்வளவு கல் வேண்டும் என்று தேடுங்கள். இரண்டு மடங்கு போதாது. ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டியிருக்கும். அலை மிகுந்தால் அதுவும் போதாது. அடுத்துப் படகின் அடியில் மணலை ஒட்டிச் சொரசொரப்பாக்கிப் பாருங்கள். சுமையைப் பின்னே நகர்த்திப் பாருங்கள். புரூட் டார்க்கி நகரத்தில் செய்ததும் அடிப்படையில் இதுவே.

அந்த மாணவனிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டிவிட்டது. அவன் சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "அப்படியானால் பாட்டி போவதற்குரிய கப்பல் வேகமாக ஓட வேண்டியதில்லை; நிற்காமல் ஓடினால் போதும்" என்றான். நான் ஒரு மணி நேரம் பேசியதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

ஆம், நண்பர்களே. ஓரிரு மாதங்கள் பாய்ந்து ஓடிப் பின் நின்றுவிடும் கப்பலைவிட, அளவான வேகத்தில், அளவான கட்டணத்தில், ஆண்டுதோறும் ஓடும் கப்பலே இரு கரைகளிலும் உள்ள உறவுகளுக்கு வேண்டும். அத்தகைய கப்பலை வரைபவர்களும், கட்டுபவர்களும், ஓட்டுபவர்களும், துறையில் அதன் வரிசைகளை ஒழுங்கு செய்பவர்களும் உங்களிலிருந்து வரவேண்டும். பாட்டியார் இன்னும் காத்திருக்கிறார்.